காலமும் கடினமும்: இரசிகர் ஆக்கிய தாவல் விளையாட்டுகள் பற்றி ஒரு நோக்கு

நாவலொன்றை மதிப்பிடும் திறனாய்வாளர், அதனை வாசித்து முடிக்க எத்தனை மணித்தியாலம் சென்றது என்று கேட்பதில்லை. வாசகன் விளங்கிக்கொண்டாலும் விளங்கிக்கொள்ளாவிட்டாலும் பக்கங்கள் புரளும்; கடைசிப் பக்கம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். வீடியோ விளையாட்டு அத்தகையதன்று. அதன் முதலாம் கட்டத்தைத் தாண்ட இயலாதவன் இரண்டாம் கட்டத்தைக் காணவே மாட்டான். படைப்பின் பெரும்பகுதி, அதனை அடையும் திறமை வாய்த்தவருக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. ஆகவே ஒரு விளையாட்டை முடிப்பதற்குச் செல்லும் காலத்தையும் அதன் கடினத்தையும் படைப்புக்குப் புறம்பான வெறும் புள்ளிவிபரங்களாகத் தள்ளிவிட முடியாது. அவை அதன் வடிவத்தின் கூறுகள். அவற்றை எவ்வாறு அளப்பது, யார் அளப்பது என்னும் வினாக்கள் திறனாய்வுக்கும் உரிய வினாக்களாகும்.

இங்கு ஆராயப்படுவன பெரும்பாலும் நிறுவனங்கள் விற்பனைக்கென ஆக்கியவை அல்ல. பழைய விளையாட்டுகளின் மீது பற்றுக்கொண்ட இரசிகர்கள், ஊதியம் எதிர்பாராது, அப்பழைய வடிவத்திலேயே புதியனவாக ஆக்கியவை. சிறிய உருவமொன்று ஓடியும் தாவியும் மேடையிலிருந்து மேடைக்குச் சென்று, பள்ளங்களையும் பகைகளையும் கடந்து முடிவை அடைவதே இவற்றின் பொது அமைப்பு. இதுபற்றித் தாவல் விளையாட்டு என இவற்றைக் குறிப்பிடலாம்.

சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை மனத்திற்கொண்டு இவற்றை நோக்குவதற்குக் காரணம் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் றப்பர்த் தோட்டங்களிலும் ஒரு நாளைய உழைப்பு செக்றோலிலே ‘பேர்’ எனப் பதியப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் அது ‘அரைப்பேர்’ ஆகும். பலாங்கொடையிலிருந்தோ எட்டியாந்தோட்டையிலிருந்தோ பல்கலைக்கழகம் வரும் தோட்டத்து மாணவனுக்கு இது வீட்டுப் பேச்சு. காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்றவளின் நாள் எவ்வாறு அரை நாளாகிறது என்பதை அவன் சிறு வயதிலேயே கேட்டிருப்பான். அளவு என்பது இயல்பாகவே நடுநிலையானது என்று அவன் எளிதில் நம்பமாட்டான். அந்த ஐயம் தாவல் விளையாட்டுகளைத் திறனாய்வதற்கு மிகவும் வேண்டப்படுவது.

1

யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இவ்வகையின் மூலபாடம் எனத்தக்கது. சிகெரு மியாமொட்டோவும் தகாஷி தெசுக்காவும் அமைத்த அவ்விளையாட்டில் 32 கட்டங்கள் உள்ளன. முதலாம் கட்டம் தொடங்கும்போது திரையின் மேற்புறத்தில் ‘நேரம்’ எனப் பொருள்படும் சொல்லின் கீழே 400 என்னும் எண் தோன்றிக் குறையத் தொடங்குகிறது. அது பூச்சியமானால் மாரியோ இறந்துபடுவான். விளையாடுபவன் இதனை 400 செக்கன் என்றே கொள்வது இயல்பு. உண்மை வேறு. இயந்திரம் செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் வரைகிறது. 24 படங்களுக்கு ஒருமுறை அவ்வெண் ஒன்றால் குறைகிறது. எனவே 400 என்பது 160 செக்கன், அதாவது 2 நிமிடமும் 40 செக்கனுமேயாம்.

இலங்கை வாசகர் மனங்கொள்ளத்தக்க பிறிதொன்றும் உண்டு. யப்பானியத் தொலைக்காட்சி முறை செக்கனுக்கு 60 என்ற கணக்கில் அமைந்தது. இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய ‘பால்’ முறையோ 50 என்ற கணக்கில் அமைந்தது. தெற்காசிய வீடுகள் பலவற்றுக்கு 1990களில் வந்துசேர்ந்தவை நின்டெண்டோ இயந்திரத்தின் மலிவான நகல்களே. 60க்கென எழுதப்பட்ட விளையாட்டு 50க்கென அமைந்த நகல் இயந்திரமொன்றில் மாற்றமின்றி ஓடினால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். அதே 400 அப்போது 192 செக்கன் ஆகிறது. மாரியோ மெதுவாக ஓடுகிறான். பகைகளும் மெதுவாக நெருங்குகின்றன. தாவவேண்டிய கணம் சற்றே நீள்கிறது. முடிக்கும் காலம் கூடுகிறது, கடினம் குறைகிறது. திரையில் தோன்றும் எண் மட்டும் மாறுவதில்லை.

ஒரே எண் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு உழைப்பைக் குறிக்கும் என்பது தோட்டத்தார் அறிந்ததே. செழித்த கொழுந்துள்ள மலையில் எடுக்கும் 18 கிலோவும், கற்பாறைச் சரிவில் வயதேறிய செடிகளுக்கிடையே எடுக்கும் 18 கிலோவும் தராசில் ஒன்றே. மழைக்காலமும் வறட்சிக்காலமும் தராசுக்குத் தெரியா. கூடையின் நிறை என்றும் இலையின் ஈரம் என்றும் கழிவு வைக்கப்பட்ட பின்னர் பதியப்படும் எண்ணே அந்த நாளாகிறது.

முடித்தல் என்னும் சொல்லும் தெளிவானதன்று. சூப்பர் மாரியோ பிரதர்ஸை மிக விரைவாக முடிப்பதற்கென்றே பயில்வோர் உளர். 2021 ஏப்ரலில் அவர்களுள் ஒருவர் முதன்முறையாக 4 நிமிடம் 55 செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் அதனை முடித்தார். ஆனால் அவர் சென்றது 32 கட்டங்களினூடாகவும் அன்று. மறைந்துள்ள குறுக்குவழிகளால் 24 கட்டங்களை விடுத்து 8 கட்டங்களை மட்டுமே கடப்பது அப்போட்டியின் விதிக்கு உட்பட்டதே. 32 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்த சிறுவனும் ‘முடித்துவிட்டேன்’ என்றே கூறுவான். இருவர் கூற்றும் உண்மை. இருவர் நேரத்தையும் ஒரே பட்டியலில் இட்டுச் சராசரி காண்பது பொருளற்றது. இரசிகர்கள் இதனை நன்கறிவர். எந்த வழியால், எந்த விதிக்கு உட்பட்டு என்பதைக் குறிப்பிடாத நேரத்தை அவர்கள் பதிவில் ஏற்பதில்லை.

2

கடினத்தை அளக்கும் முயற்சியில் அடுத்துவரும் சிக்கல், கணக்கில் யார் சேர்க்கப்படுகின்றனர் என்பதாகும். விளையாட்டொன்றை முடிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்பதற்கு, முடித்தவர்கள் தாமே அறிவிக்கும் நேரங்களைத் திரட்டிச் சராசரி கூறுவது வழக்கமாகியுள்ளது. இம்முறையில் இடைநடுவே கைவிட்டவன் கணக்கில் வரவே மாட்டான். இதன் விளைவு விசித்திரமானது. விளையாட்டு கடினமாகக் கடினமாக, திறமை குறைந்தோர் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுவர். எஞ்சிய வல்லவர்களின் நேரம் மட்டுமே பதிவாகும். பத்துப் பேர் விளையாடத் தொடங்கி, எட்டுப்பேர் கைவிட, இருவர் நான்கு மணித்தியாலத்தில் முடித்தால், ‘நான்கு மணித்தியால விளையாட்டு’ என்றே அது அறிமுகமாகும். அந்த எட்டுப்பேரும் இழந்த மாலைப்பொழுதுகள் எங்கும் பதியப்படா. பரீட்சைக்குத் தோற்றியோரை மட்டும் கொண்டு சித்தியடைந்தோர் வீதம் கூறும் பாடசாலை அறிக்கையை வாசித்துப் பழகியவர்கள் இத்தகைய கணக்கின் இயல்பை அறிவர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளை அவ்வீதத்தைக் குறைப்பதில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கும் முறையொன்று 2015ஆம் ஆண்டில் வெளியான ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ என்பதிலே காணப்பட்டது. இரசிகர்கள் தாமே கட்டங்களை அமைத்துப் பிறருக்கு அளிப்பதற்கான கருவியை நின்டெண்டோ நிறுவனமே அதில் வழங்கியது. ஒவ்வொரு கட்டத்துடனும் அதனை முடித்த தடவைகளும் முயன்ற தடவைகளும் காட்டப்பட்டன. முயன்று தோற்றவனும் இங்கு எண்ணிக்கையில் வந்தான் என்பது முக்கியமான முன்னேற்றமே.

எனினும் இவ்வீதமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஒருவர் 99 தடவை தோற்று நூறாவது தடவை வென்றால் வீதம் நூற்றுக்கு 1. நூறு பேர் ஒவ்வொரு தடவை முயன்று ஒருவர் மட்டும் வென்றாலும் வீதம் நூற்றுக்கு 1. முன்னது விடாமுயற்சியின் கதை. கற்றுக்கொள்ளக் கூடிய, மீண்டும் மீண்டும் அழைக்கும் ஒரு கட்டத்தை அது காட்டுகிறது. பின்னது ஒரே பார்வையில் வெறுத்து ஒதுக்கப்பட்ட கட்டமாக இருத்தல் கூடும். ஆட்களை எண்ணாது தடவைகளை மட்டும் எண்ணுவதால் இவ்வேறுபாடு மறைகிறது. அளவு எதனை எண்ணுகிறது என்று கேளாமல் அதன் விடையை மட்டும் ஏற்கும் திறனாய்வு, கடினமான படைப்பையும் கெட்ட படைப்பையும் ஒன்றாகவே கருதிவிடும்.

3

கடினம் என்பது ஒருதன்மையதன்று. 1986ஆம் ஆண்டில் நின்டெண்டோ, முதல் விளையாட்டில் தேர்ச்சி பெற்றோருக்கென அதன் இரண்டாம் பாகத்தை யப்பானில் வெளியிட்டது. முன்னர் வலிமை தந்த காளானுக்கு அருகே உயிர்பறிக்கும் நச்சுக்காளானும், முன்செலுத்தும் குறுக்குவழிகளுக்கிடையே பின்னோக்கி முதலாம் உலகத்துக்கே திருப்பும் குறுக்குவழியும் அதில் வைக்கப்பட்டன. வட அமெரிக்க வாடிக்கையாளருக்கு அது மிகக் கடினமானதெனக் கருதப்பட்டமையால், 1988இல் அங்கு இரண்டாம் பாகமென விற்கப்பட்டது வேறொரு விளையாட்டு.

இந்த மரபை இரசிகர்கள் வெகுதூரம் எடுத்துச்சென்றனர். 1990இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ விளையாட்டின் கட்டங்களை மாற்றி அமைப்பதற்கு இரசிகர் ஒருவர் ஆக்கிய ‘லூனார் மஜிக்’ என்னும் கருவி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்பின் இத்தகைய மாற்றுப் படைப்புகள் பெருகின. அவற்றுள் பெரும் புகழ்பெற்றது, யப்பானிய இரசிகர் ஒருவர் தம் நண்பரை விளையாடச் செய்வதற்கென்று ஆக்கி, 2007இல் அதன் காட்சிகள் பரவியதால் உலகறிந்த ‘கைசோ மாரியோ’. கைசோ என்ற யப்பானியச் சொல் மாற்றியமைத்தல் எனப் பொருள்படும். இன்று அது ஒரு கடின வகைக்கே பெயராகிவிட்டது.

கைசோவின் பெயர்பெற்ற உத்தி, கண்ணுக்குத் தெரியாத பெட்டி. பள்ளத்தைத் தாண்ட எல்லோரும் தாவும் இடத்துக்கு நேர்மேலே அது வைக்கப்பட்டிருக்கும். தாவுபவன் தலையில் மோதிப் பள்ளத்தில் வீழ்வான். முதற்றடவை இதனைத் தவிர்க்க எந்தத் திறமையும் உதவாது. இறந்தே அறிதல் வேண்டும். நண்பரிடையே இது நகைச்சுவை. வீழ்பவனும் சிரிப்பான், அமைத்தவனும் அருகிலிருந்து சிரிப்பான். அறியாத ஒருவனுக்கு அதனைக் கொடுக்கும்போது நகைச்சுவை வஞ்சனையாக மாறுகிறது.

எனவே கடினத்தை இருவகையாகப் பிரித்து நோக்குதல் தகும். தடையைக் கண்டு, கணித்து, பயின்று வெல்லக்கூடியது ஒன்று. மறைத்து வைத்துத் தண்டிப்பது மற்றையது. இரண்டுமே வெற்றி வீதத்தைக் குறைக்கும். இரண்டுமே முடிக்கும் காலத்தைக் கூட்டும். எண்ணளவில் அவை வேறல்ல. விளையாடியவனின் அனுபவத்திலே அவை எதிரெதிரானவை. முன்னதில் ஒவ்வொரு தோல்வியும் ஏதேனும் ஒன்றைக் கற்பிக்கிறது. பின்னதில் அமைத்தவனின் மனத்தை ஊகிப்பதைத் தவிரக் கற்பதற்கு ஏதுமில்லை. பிற்காலக் கைசோ ஆக்கியோருட் பலர், தாவவேண்டிய இடத்தை நாணயங்களால் சுட்டிக்காட்டி, தடை கொடியதாயினும் கண்ணுக்குத் தெரிவதாக அமைக்கத் தலைப்பட்டமை இவ்வேறுபாட்டை அவர்களும் உணர்ந்ததன் விளைவே. சாதாரண விளையாட்டுகளின் கடினப்படிகளையும் கைசோவின் கடினப்படிகளையும் வேறாக வகுக்கும் வழக்கமும் இதனாலேயே ஏற்பட்டது எனலாம்.

4

இரசிகர் உலகம் கண்ட விதிகளுள் திறனாய்வாளரின் கவனத்துக்கு மிகவும் உரியது ஒன்றுண்டு. சூப்பர் மாரியோ மேக்கரில் கட்டமொன்றை அமைத்தவர், அதனைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாமே ஒருமுறையேனும் விளையாடி முடித்தாலன்றிப் பிறருக்கு வெளியிட முடியாதிருந்தது. கடினத்தை விதிப்பவன் அதற்கு முதலில் தான் உட்படவேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்விதி போதுமானதன்று என்பதும் உண்மை. அமைத்தவனுக்கு மறைந்த பெட்டிகள் யாவும் தெரியும். அவன் அடையும் வெற்றி அறியாதவன் அடையும் வெற்றிக்கு ஈடாகாது. எனினும் அது இன்றியமையாதது. அதன் இன்றியமையாமையை 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆந் திகதியுடன் அவ்விளையாட்டின் இணையச் சேவை நிறுத்தப்படவிருந்தது. ஒருவராலும் முடிக்கப்படாது எஞ்சிக்கிடந்த கட்டங்கள் அனைத்தையும் அதற்கு முன் முடித்துவிட ‘டீம் ஸீரோ பேர்சன்ட்’ என்னும் இரசிகர் குழுவினர் முனைந்தனர். இறுதியில் எஞ்சியது 2017இல் வெளியான ‘ட்ரிம்மிங் த ஹேர்ப்ஸ்’ என்னும் கட்டம். அரை நிமிடமும் நீடிக்காத அதனைப் பலர் பல்லாயிரந் தடவை முயன்றனர்; இயலவில்லை. மார்ச்சில் அதனை அமைத்தவரே உண்மையை வெளியிட்டார். வெளியிடுவதற்கான அந்த ஒருமுறையை அவர் தம் கையால் முடிக்கவில்லை. படம்படமாக முன்னரே குறித்த பொத்தான் அழுத்தங்களைக் கருவியொன்று செலுத்தியே அது முடிக்கப்பட்டிருந்தது. குழுவினர் அதனைத் தம் கணக்கிலிருந்து நீக்கினர். ஆயினும் ஏப்ரல் 5ஆந் திகதி, சேவை நிற்பதற்கு மூன்று நாள் முன்னர், விளையாட்டு வீரர் ஒருவர் அதனைத் தம் கைகளாலேயே முடித்தும் காட்டினார்.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை அருகருகே வைக்கிறது. அக்கட்டம் மனிதனால் முடிக்கக்கூடியதே. எனினும் அதனை விதித்த முறை நேர்மையானதன்று. ஒருவனால் இயன்றது என்பதால் விதித்த முறை நேர்மையாகிவிடாது என்பதை இரசிகர்கள் வாதமின்றியே ஏற்றுக்கொண்டனர்.

தோட்டத்தின் கணக்கில் இவ்விரு உண்மைகளும் பிரித்து நோக்கப்படுவதில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அத்தகைய நிறையை விதிப்பவர் அச்சரிவிலே கூடை சுமந்து அதனை ஒருமுறையேனும் எடுத்துக்காட்ட வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. விதித்த நிறை மிகையானது என்று முறையிடும்போது, மிக விரைந்து கொழுந்தெடுக்கும் ஒருத்தியைச் சுட்டி, ‘அவளால் இயலுமே’ என்று கூறிவிடலாம். ஒருத்தியால் இயல்வதை அனைவருக்கும் உரிய அளவாக்குவது, ஏப்ரல் 5ஆந் திகதி நிகழ்ந்த அந்த ஒரு வெற்றியைக் காட்டி அக்கட்டம் நேர்மையானதென வாதிடுவதை ஒக்கும்.

5

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறாகும். விளையாட்டின் கடினம் விரும்பி ஏற்கப்படுவது. கைசோவிடம் தோற்றவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகலாம்; அவனுடைய அரிசிச் சாக்கு அதனாற் குறைவதில்லை. விடியுமுன் எழுந்து றப்பர் மரத்தில் பால்வெட்டச் செல்பவனும் நிரையிலே நிற்கும் கொழுந்தெடுப்பவளும் அவ்வாறு எழுந்து போக முடியாது. உழைப்பை விளையாட்டோடு ஒப்பிட்டு அதன் துன்பத்தை மென்மையாக்குவது இங்கு நோக்கமன்று. எழுந்து போகக்கூடியவர்கள், தம் பொழுதுபோக்குக்கென்று, இத்தனை நுணுக்கமான நேர்மை விதிகளை வகுத்துக்கொண்டனர் என்பதே கவனிக்கவேண்டியது. எழுந்து போக முடியாதவர்களின் நாளை அளக்கும் கணக்கு அவ்விதிகளில் ஒன்றையேனும் கொண்டிராமை அதனால் மேலும் தெளிவாகிறது.

தாவல் விளையாட்டுகளைத் திறனாய்வோர், ‘இது பத்து மணித்தியாலம், மிகக் கடினம்’ என்பதோடு நின்றுவிடுதல் போதாது. அந்தப் பத்து மணித்தியாலம் எந்த வழியாற் சென்றவரின் நேரம், எவ்வியந்திரத்தில் பதிந்த நேரம் என்று கேட்கவேண்டும். கைவிட்டவர்கள் அக்கணக்கில் உளரா என்று கேட்கவேண்டும். கடினம் கண்ணுக்குத் தெரிவதா, மறைத்து வைக்கப்பட்டதா என்பதைப் படைப்பினுள்ளே சென்று காட்டவேண்டும். இறுதியாக, அதனை விதித்தவர் அதற்குத் தாமும் உட்பட்டாரா என்று கேட்கவேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூறும் எண்ணே திறனாய்வுக்குப் பயன்படும்; பிற எண்கள் விற்பனைக்குப் பயன்படலாம்.

இவ்வினாக்களுள் எதுவும் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கணினியின் முன் அமர்ந்து இவற்றைக் கேட்கப் பழகிய தோட்டத்து மாணவன், விடுமுறைக்கு வீடு செல்லும்போது மாலை நிறுவையின் அருகே நின்று இவற்றையே கேட்க உரிமையுடையவன். யாருடைய மலை, எவ்வளவு கழிவு, எவர் விதித்த நிறை, அதனை அவர் எடுத்துப் பார்த்தாரா என்று அவன் கேட்பானாயின், அது திறனாய்வுப் பயிற்சியின் தக்கதொரு பயனேயாகும்.